புரோபயாட்டிக்: ‘நன்னுயிரி’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடல்நலத்துக்காக உயிரோடு கொடுக்கப்படும் நுண்ணுயிரியை ஆங்கிலத்தில் புரோபயாட்டிக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், ‘நன்னுயிரி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் வாய் துர்நாற்றம் பற்றி நோயாளிகளுக்கு ஒரு சிறு கையேடு எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே அந்தச் சொல் இடறியது.

நாக்கின் பின்பகுதி இடுக்குகளில், காற்று எட்டாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. வாய் நாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே நாக்கில் நமக்கு உதவுகிற பாக்டீரியாக்களும் குழந்தைப் பருவத்திலிருந்தே குடியிருக்கின்றன. அவையும் நன்னுயிரிகள்தாமே? மாத்திரையாகக் கொடுப்பதையும் நன்னுயிரி என்றால், இருப்பதற்கும் கொடுப்பதற்கும் வேறுபாடு காட்ட வழியில்லை.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் தந்த வரையறையைப் பாருங்கள். நுண்ணுயிரி உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் கொடுக்கப்பட வேண்டும், உடலுக்கு நன்மை தர வேண்டும். ‘நன்னுயிரி’யில் ‘கொடுப்பது’ விட்டுப்போகிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12 என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். மற்ற பாக்டீரியாக்களை அடக்கும் சிறு புரதங்களை இது சுரக்கிறது. வாய் துர்நாற்றம் உள்ள 23 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. முதல் மூன்று நாள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கொப்பளிக்கவைத்தார்கள். அப்புறம் கே12 உள்ள மாத்திரையைச் சப்பக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கே12 எடுத்தவர்களில் 85 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும் கந்தக வாயு கணிசமாகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான்; ஈறு நோயோ சொத்தைப் பல்லோ இருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

இந்தச் செய்முறையைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு அடுப்படிதான் கண்முன் வந்தது. பாலைக் காய்ச்சி, முன்பு இருந்த கிருமிகளைக் குறைக்கிறோம். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி பிரை விடுகிறோம். விடியும்போது பால் முழுதும் அதன் வசம். பிரை செத்திருந்தால் தயிர் ஆகாது. துளிதான் விட்டால் சரியாகத் தோயாது. வரையறை கேட்கிற உயிரும் அளவும் கொடுத்தலும் ‘பிரை’ என்ற இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நன்மையை மட்டும் முன்னால் சேர்த்தால் போதும்: ‘நலப்பிரை’.

பிரைக்கு ‘உறை’ என்பது இன்னும் பரவலான சொல் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் மருத்துவத் தமிழில் இரத்தம் உறைகிறது, கையுறை அணிகிறோம், மருந்துக்கே உறை உண்டு. அதன் தலையில் இன்னொரு பொருளை ஏற்ற வேண்டாம். பிரையைச் சிலர் சொல்வதுபோல் ‘புரை’ என்றால் கண்புரையும் புரையோடிய புண்ணும் நினைவுக்கு வரும். ‘பிரை’ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

என்னை உண்மையிலேயே தயங்கவைத்த மறுப்பு ஒன்றுதான். பிரை என்றதும் வீட்டுத் தயிரைச் சாப்பிட்டாலே வாய்நாற்றம் போய்விடும் என்று நோயாளி நினைத்துவிடலாமே? எல்லாத் தயிரும் புரோபயாட்டிக் ஆகிவிடாது. எந்த வகை நுண்ணுயிரி, அதனால் இந்த நன்மை உண்டென்று சோதித்தார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, முதல் முறை வரும்போது ‘சோதித்துத் தேர்ந்த’ என்ற அடைமொழியோடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கையேட்டில் இப்போதைக்கு இப்படி நிற்கிறது: ‘நாக்கை வழித்து, வாய் கொப்பளித்த பிறகு, சோதித்துத் தேர்ந்த நலப்பிரை மாத்திரையைச் சப்ப வேண்டும். உங்கள் வாயில் உள்ள நன்னுயிரிகளோடு அதுவும் சேர்ந்து வாழத் தொடங்கும்.’ இரண்டு சொல்லுக்கும் இடம் கிடைத்துவிட்டது. அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.