இடையீடா, தலையீடா, ஊசித்துளையா?

அன்புடையீர், வணக்கம்.

உடலின் உட்பகுதியைப் படத்தில் பார்த்தபடியே ஊசி, மெல்லிய குழாய் வழியாக மருத்துவம் செய்யும் ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி’ என்னும் துறைக்குத் தமிழ்ப் பெயர்களாக முன்வைக்கப்பட்டுள்ள தலையீட்டுக் கதிரியல், குறுக்கீட்டுக் கதிரியல், இடையீட்டுக் கதிரியல் ஆகிய மூன்றும் ஆங்கிலப் பெயரைப் பெயர்க்கின்றனவே தவிர, அங்கே நடக்கும் மருத்துவத்தைச் சொல்லவில்லை. தலையீடு என்றதும் அழையாமல் நுழைவதே நினைவுக்கு வருகிறது. குறுக்கீட்டை இயற்பியல் பாடநூல்கள் ஒளியலைகளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. இடையீடு சற்றே மென்மையானது. ஆனாலும் இடைவெளி, தடை என்னும் பொருள்கள் அதை விட்டு நீங்குவதில்லை.

கதிரியல் என்ற பகுதி எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு ஈரலில் சீழ் கட்டியபோது, ஒப்புதல் படிவத்தில் ‘தலையீட்டுக் கதிரியல் பிரிவு’ என்று இருந்ததைப் படித்துக் காட்டினேன். “எனக்குக் கரண்டு வைக்கப் போறாங்களாடா?” என்று கேட்டு அழுதுவிட்டார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். அன்று பயன்பட்டதோ ஒலியலைகளால் படம் காட்டும் அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சே கிடையாது. பக்கத்தில் நின்ற செவிலியர், “கத்தி இல்லம்மா, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி வழியா சீழை எடுத்துடுவாங்க” என்ற பிறகே பெரியம்மா கையெழுத்திட்டார்.

நமக்கு வேண்டிய சொல் அந்தச் செவிலியரின் வாக்கியத்திலேயே இருக்கிறது. ரத்தக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறையும் ஊசியில்தான் தொடங்குகிறது: மரத்துப்போகச் செய்த இடத்தில் ஊசியைச் செலுத்தி, அதனூடே மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாகக் குழாயை வழுக்கிக்கொண்டு சென்று, பின்னர் கம்பியையும் எடுத்துவிடுவார்கள். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் மருத்துவர் சார்லஸ் டாட்டர், காலை வெட்டி எடுக்க ஒப்பாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை இப்படிக் குழாய் செலுத்தியே விரித்து, அந்தக் காலைக் காப்பாற்றினார். மார்குலிஸ் என்னும் கதிரியல் மருத்துவர் இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டியது 1967இல்தான். செயல் முந்தி, பெயர் பிந்தி வந்திருக்க, நாம் அந்தப் பெயருக்கு உரை எழுதிக்கொண்டிருப்பானேன்?

ஆகவே ‘படிமவழி ஊசித்துளை மருத்துவம்’ என்பதை முன்மொழிகிறேன். உட்படத்தைக் குறிக்கும் படிமம் என்பது எக்ஸ் கதிர், சி.டி., அல்ட்ராசவுண்ட் மூன்றுக்கும் பொருந்தும். ஊசித்துளை, பள்ளியில் ஊசித்துளைக் கேமரா செய்தவர் எவருக்கும் பழகிய சொல். நுண்துளை என்றே வைக்கலாமே என்று கேட்கலாம். அதை, வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்கு ஏற்கெனவே வழங்குகிறோம், அங்கே கத்தியும் உண்டு. மருத்துவம் என்பதற்குப் பதிலாகச் சிகிச்சை என்று வைத்தால், நோயறிய ஊசியால் திசு எடுப்பது வெளியே நின்றுவிடும். பெயர் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிமவழி மருத்துவம் என்று குறுக்கினால், படம் பார்த்துக் கதிர்வீச்சுக் கொடுப்பதும் அதில் அடங்கி, பெரியம்மாவின் அச்சம் திரும்பி வந்துவிடும். அன்றாடப் பேச்சுக்கு ‘ஊசித்துளை மருத்துவம்’ போதும்.

இதையொட்டி, குழாய்க்கு வழிகாட்டும் கம்பியை ‘வழிக்கம்பி’ எனலாம். உடலுக்குள் செலுத்தும் அந்தக் குழாயான கதீட்டருக்கு வழங்கும் ‘வடிகுழாய்’, சீழையும் சிறுநீரையும் வடிக்கும் இடத்தில் சரி. தமனிக்குள் மருந்தையோ பலூனையோ கொண்டுசெல்லும் குழாய் எதையும் வடிப்பதில்லை என்பதால், அதற்குச் ‘செருகுகுழாய்’ பொருந்துமா என்று மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.