குளச்சல் அம்பாசிடர்: கம்பெனி பெயிண்டாம், கேட்டீர்களா!

கைகியர்:
நேற்று நம் குழுவில் 'குளச்சல் காற்று' ஒரு பதிவு போட்டிருந்தார். குளச்சலில் ஒரு வீட்டு ஷெட்டில் 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2 விலைக்கு நிற்கிறதாம். வெள்ளை நிறம், ஒரே குடும்பத்துக் கை, இன்றுவரை கம்பெனி பெயிண்ட், விலை 3,75,000 ரூபாய், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கத்துப் பின்கதவைத் திறந்து, சுற்றி வரும் பீடிங் ரப்பரை நகத்தால் லேசாக விலக்கினேன். உள்மடிப்பில் விரல் நீளத்துக்கு வெள்ளை. கம்பெனியில் பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் ரப்பர் மாட்டுவார்கள். ரப்பரைக் கழற்றச் சோம்பல்பட்டு, பேப்பர் ஒட்டி அடிக்கிற பட்டறையில்தான் ரப்பரில் பெயிண்ட் ஏறும். அப்புறம் என்ன கம்பெனி பெயிண்ட்? இந்தத் தொழிலைப் பார்த்துத் தலை நரைத்தவனிடம் இதெல்லாம் வேண்டாம்.

குளச்சல் காற்று:
அண்ணாச்சி, அது பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த ஷெட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வண்டியைப் பார்க்க வந்தவர் ஒருவர் கதவைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தார், மட்டையிலிருந்து தெறித்தது. சுவரைப் பார்த்தீர்களா? அதே வெள்ளை. ஷெட்டுக்குள் அரைமணி நேரம் நின்றவருக்குச் சுவர் தெரியவில்லை, ரப்பரின் உள்மடிப்பு மட்டும் தெரிந்திருக்கிறது.

கைகியர்:
தெறித்தால் புள்ளி புள்ளியாக இருக்கும் ஓய். இது கோடு. மட்டை போய்க் கதவு இடுக்கில் கோடு போடுமா? ரப்பரில் இருந்தது பெயிண்ட்.

ரப்பர்வெட்டு:
ரப்பர் விளைகிற குலசேகரத்துக்காரன் என்ற முறையில் ஒரு கேள்வி. 1968ல் போட்ட ரப்பர் இன்னும் விரலால் விலக்குகிற அளவுக்கு மெதுவாகவா இருக்கிறது? எங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் பீடிங் ரப்பர் சில வருஷத்தில் வெடித்துப் பொடியாகிவிடும். அப்படியானால் அது பிறகு மாற்றிய ரப்பர். இடையில் மாற்றிய ரப்பரில் பெயிண்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கைகியர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பிறகு மாற்றிய ரப்பரிலேயே பெயிண்ட் இருக்கிறது என்றால், பெயிண்ட் அதற்கும் பிறகு அடித்தது. உங்கள் கேள்வியே என் பதில்.

குளச்சல் காற்று:
சுண்ணாம்பு என்று சொன்னேன். சுண்ணாம்பு.

மார்த்தாண்டம் பாலம்:
நண்பர்களே, ஒரு நிமிஷம். பெயிண்டை விட்டுவிட்டு ஆர்சி புக்கைப் பாருங்கள். அந்தப் பதிவில் வந்த படத்தில் நம்பர் பிளேட் கேஎல்டி என்று தொடங்குகிறது. அது பழைய திருவனந்தபுரம் பதிவு. வண்டி இத்தனை வருஷமாகக் குளச்சலில் நிற்கிறது என்றால், இங்கே எண் மாற்றினார்களா? வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. கேரளத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கியிருக்கிறார்களா? அது இல்லையென்றால் பெயிண்ட் தங்கமாக இருந்தாலும் வாங்குகிறவர் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

பாறசாலைக்காரன்:
கேஎல்டி நம்பரா? அப்படியென்றால் நாலரை லட்சம்கூடக் கிடைக்கும். எங்கள் பக்கம் பழைய நம்பருக்கே தனி விலை. நாகர்கோவில்காரர்களுக்கு விலை போடத் தெரியாது.

கைகியர்:
நம்பர் பிளேட்டைப் பூஜையறையில் மாட்டப் போகிறீர்களா? 1956 நவம்பர் 1ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. இன்னும் திருவனந்தபுரத்துக்காரர் வந்துதான் எங்களுக்கு விலை சொல்ல வேண்டுமா? பேச்சை மாற்றாதீர்கள். ரப்பரில் பெயிண்ட் இருக்கிறதா இல்லையா?

பத்மினி1089:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு அம்பாசிடருக்கா இத்தனை சண்டை? அதே காசுக்கு நல்ல பியட் பத்மினி கிடைக்கும். 1089 சிசி, லேசான வண்டி, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், தொட்டால் திரும்பும். அம்பாசிடரில் 1489 சிசி எஞ்சினை வைத்து அரை டன் இரும்பைச் சும்மா இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

கைகியர்:
வந்துவிட்டார்கள். தம்பி, கல்யாண வீட்டுக்கு உங்கள் பத்மினியில் எத்தனை பேரை ஏற்றினீர்கள்? அம்பாசிடரில் முன்னால் ஒரே நீள சீட், ஸ்டியரிங்கில் கியர், காலடியில் இடம். மாப்பிள்ளை, மாமன், சமையல்காரர், இரண்டு அண்டா, எல்லாம் போகும்.

பத்மினி1089:
அதனால்தான் எல்லா அம்பாசிடரும் பின்பக்கம் குந்தியே நிற்கிறது. அந்தப் பெயரையே 2017ல் பிரெஞ்சுக் கம்பெனிக்கு 80 கோடிக்கு விற்றுவிட்டார்கள். இங்கேதான் இன்னும் அண்டா கணக்கு.

கைகியர்:
பெயருக்கே 80 கோடி கிடைத்திருக்கிறது பார்த்தீர்களா. உங்கள் வண்டி நின்றபோது பெயரை எத்தனைக்குக் கேட்டார்கள்?

மார்த்தாண்டம் பாலம்:
மறுபடியும் கேட்கிறேன், தடையில்லாச் சான்று? இன்னொன்றும் சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளை அதில் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இவ்வளவுதான். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. பெயிண்டைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. எஞ்சின் நம்பர் ஆர்சி புக்கோடு ஒத்துப்போகிறதா என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றாத அம்பாசிடர் நம் பக்கத்தில் எத்தனை?

குளச்சல் காற்று:
பெட்ரோல் எஞ்சின்தான். சத்தத்திலேயே தெரியும். அண்ணாச்சி சுண்ணாம்புக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ரப்பர்வெட்டு:
சுண்ணாம்பா பெயிண்டா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை வெட்டி ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு என்றால் நுரைக்கும், பெயிண்ட் நுரைக்காது. பத்து ரூபாய் வேலை.

கைகியர்:
நான் வண்டி பார்க்கப் போகும்போது ஊறுகாய் போடுகிற சாமான் எடுத்துப் போவதில்லை. அனுபவம் எடுத்துப் போகிறேன். நீங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள், கத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரப்பர்வெட்டு:
பால் வெட்டுகிறவனுக்கு ரப்பர் தெரியாதா? தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே எங்கள் பக்கம்தான். மரியாதையாகப் பேசும்.

குளச்சல் காற்று:
நான் எலுமிச்சம்பழம் கொண்டுபோகிறேன். நுரைத்தால் அண்ணாச்சி இந்தக் குழுவில் மன்னிப்பு எழுத வேண்டும். சம்மதமா?

கைகியர்:
நீர் எலுமிச்சம்பழம் கொண்டுபோகிற வழியில் ரப்பர் மடிப்பில் சுண்ணாம்பு தடவமாட்டீர் என்று என்ன நிச்சயம்? புரோக்கர் கமிஷன் எவ்வளவு?

குளச்சல் காற்று:
புரோக்கரா? வார்த்தையை அளந்து பேசும் ஓய். அது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி. ஒரு பைசா எனக்கு வேண்டாம்.

கைகியர்:
சரி, பைசா வேண்டாம். அப்படியென்றால் காந்தக் கதையைச் சொல்லுகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும். முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னர், பின்சக்கர வளைவு, மூன்றிலும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் பொதிந்து வைத்துப் பார்த்தேன். மேல்பகுதியில் டக்கென்று ஒட்டியது. இடது ரன்னரில் ஒரு சாண் தூரத்துக்கு வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. அடியில் தகரத்துக்குப் பதில் பூசி நிரப்பிய பட்டி. பட்டி போட்டால் மேலே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். ஆக ரப்பரில் இருப்பது பெயிண்ட். முடிந்தது.

குளச்சல் காற்று:
கீழே விழுந்த காந்தத்தை எடுத்தபோது என்ன ஒட்டியிருந்தது என்பதையும் சொல்லும். கருமணல் மீசை போல ஒட்டிக்கொண்டிருந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் அந்தத் தெருவெல்லாம் கிடக்கிறது. மணல் ஒட்டிய காந்தம் ரன்னரில் எப்படி ஒட்டும்?

கைகியர்:
விழுந்த பிறகுதானே மணல் ஒட்டும்! விழுவதற்கு முன்னால் எப்படி ஒட்டும்?

குளச்சல் காற்று:
நீர் இரண்டு தடவை வைத்தீர். இரண்டாவது தடவை மணலோடு வைத்தீர். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வில்லுக்குறி:
இந்த வண்டி பார்க்கிற எண்ணம் எனக்கும் இருந்தது, அதனால் கேட்கிறேன். யாராவது ஜாக்கி போட்டுப் பார்த்தீர்களா? அம்பாசிடருக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் எலும்பும். கடல் பக்கத்து வண்டியில் ஜாக்கி வைக்கிற இடத்தில் துரு பிடித்தால், ஜாக்கி ஏறும், வண்டி ஏறாது. உள்ளே மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா? முன்பக்கம் ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பியான டார்ஷன் பார் வந்து பிடிக்கிற குறுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறதா? முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னில் ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் கிரீஸ் அடிக்காமல் நின்ற வண்டி என்றால் அது ஒன்றே பெரிய செலவு. அப்புறம், போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்த்தீர்களா? நாம் வருவதற்கு முன்னாலேயே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காலை ஸ்டார்ட்டிங் எப்படி என்று தெரியாது. விலை இதையெல்லாம் வைத்துத்தானே.

கைகியர்:
ஜாக்கி போட்டுப் பார்க்க என்னிடம் ஜாக்கி இருந்தால்தானே? நல்ல ஸ்க்ரூ ஜாக்கி ஒன்று வைத்திருந்தேன். அதை 'குளச்சல் காற்று' போன ஓணத்துக்கு முன்னால் "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிப் போனார். இன்று வரை இரண்டு நாள் ஆகவில்லை.

குளச்சல் காற்று:
ஓஹோ. இப்போது புரிகிறது ரப்பரில் எப்படிப் பெயிண்ட் வந்தது என்று. ஜாக்கிக் கோபம் ரப்பரில் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது.

பத்மினி1089:
பியட்டாக இருந்தால் நான்கு பேர் கையாலேயே தூக்கிவிடலாம், ஜாக்கியே வேண்டாம்.

கைகியர்:
தூக்கும்போது கையோடு வரும், பார்த்துத் தூக்குங்கள்.

பாறசாலைக்காரன்:
விலை குறைப்பார்களா? நான் மூன்று வரை போவேன். மீட்டரில் 61 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது என்று படத்தில் பார்த்தேன்.

வில்லுக்குறி:
அந்த மீட்டர் ஐந்து இலக்கம். லட்சம் தாண்டினால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து வரும். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். 61 ஆயிரம் என்றால் வரி தேயாமல் இருக்க வேண்டும். இரும்பு தெரிந்தால் அந்த 61க்கு முன்னால் ஒன்றோ இரண்டோ சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

குளச்சல் காற்று:
பெடல் ரப்பர் புதுசு.

ரப்பர்வெட்டு:
எல்லா ரப்பரும் புதுசு, பெயிண்ட் மட்டும் பழசு. நல்ல வண்டி.

குளச்சல் காற்று:
நீர் என் பக்கமா, அவர் பக்கமா?

ரப்பர்வெட்டு:
கத்தியோடு நிற்கச் சொன்ன ஆள் பக்கம் நான் இல்லை. அதற்காக உமது பக்கமும் இல்லை.

மார்த்தாண்டம் பாலம்:
தடையில்லாச் சான்று பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

கைகியர்:
பாலம் சாரே, சான்று கிடக்கட்டும். பெயிண்டுக்குத் தின்னர் வைத்துப் பார்த்தால் போதும். பஞ்சில் தொட்டு டிக்கி உள்விளிம்பில் தேய்த்தால், பட்டறையில் அடித்த என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் கரைந்து பஞ்சில் வெள்ளையாக வரும். நான் தின்னர் பாட்டில் எடுத்தவுடன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். யோக்கியமான பெயிண்ட் என்றால் எதற்குப் பிடிக்க வேண்டும்?

குளச்சல் காற்று:
யார் வீட்டு வண்டியில் யார் தின்னர் ஊற்றுவது? உம்ம வீட்டுக்கு வந்து உம்ம கதவில் நான் ஊற்றட்டுமா? அவர் இனி உம்மை ஷெட்டுக்குள் விடமாட்டாராம். தெளிவாகச் சொல்லச் சொன்னார்.

கைகியர்:
விடாவிட்டால் போகட்டும். கருங்கல்லில் ஒரு மார்க் 3 நிற்கிறது என்று கேள்வி. அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்கும் நீர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லையே?

குளச்சல் காற்று:
கருங்கல்லில் என் மச்சினன் இருக்கிறான்.

கைகியர்:
நினைத்தேன். போகிற வழியில் ஜாக்கியை எடுத்துக்கொள்கிறேன், திண்ணையில் வைத்துவிடும்.

குளச்சல் காற்று:
ஜாக்கி மச்சினனிடம் இருக்கிறது.

பாறசாலைக்காரன்:
அந்த மார்க் 3 என்ன நம்பர்? கேஎல்டியா?