ஹோம்ஸ்கூல் பிள்ளைகளோடு காட்டுக்குப் போனவர்கள், மனதில் நின்றதைச் சொல்லுங்கள்

தூறல்:
குழுவா சேர்ந்து போயிருப்பீங்க, அதனால முன்கதை வேண்டாம். பல வயசுப் பிள்ளைங்க, ஒரு கைடு, ஆளுக்கொரு ஒர்க்‌ஷீட். என்னை உறுத்திக்கிட்டே இருக்கிறது வழியில கிடந்த ஒரு மரம்.

விழுந்து பல வருஷம் ஆகியிருக்கணும். பட்டை கழண்டு, கட்டை ஊறின பஞ்சு மாதிரி ஆகி, விரலால அழுத்தினா தண்ணி கசியுது. மேல பாசி. பாசிக்கு நடுவுல வரிசையா கன்னுங்க, விரல் நீளம்கூட இல்லை. என் மகள் ஒரு பட்டைத் துண்டை மெல்லத் தூக்கினா. அடியில வெள்ளையா பூஞ்சை இழை பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுது. ஒரு மரவட்டை சுருண்டுக்கிச்சு. எல்லாப் பிள்ளைங்களும் சுத்தி உட்கார்ந்துட்டாங்க. அதுல சின்னவன் கேட்டான்: "இந்த மரம் செத்துடுச்சா, உயிரோட இருக்கா?"

கைடு, "அது செத்த மரம்பா, பெரிய மரம் மேல இருக்கு, வாங்க"ன்னு நடந்துட்டார். பெரிய மரத்தடியில போட்டோ எடுத்தோம், ‘மரங்களின் பயன்கள்’ நிரப்பினோம், திரும்பிட்டோம்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. நிமிர்ந்து நிக்கிற மரத்துலயே நடுக்கட்டை முழுக்க செத்த செல்தான். பட்டைக்கு அடியில இருக்கிற மெல்லிய அடுக்குலதான் அது வருஷாவருஷம் பருக்குது. விழுந்த கட்டையிலயோ பூஞ்சை, பூச்சி, பாசி, கன்னுன்னு எத்தனை உயிர்! இதைப் பேச அதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?

சருகு:
எங்கள் குழுவில் ஒரு பையன் பாட்டில் தண்ணீரை நடைபாதையில் ஊற்றினான். தண்ணீர் மண்ணில் இறங்காமல் சரிவில் ஓடி, தூசியை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு எட்டு தள்ளிப் போய் சருகை விலக்கி அங்கே ஊற்றினான். சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. மறுபடி ஊற்றினான், அதுவும் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மிதிபட்ட மண்ணில் துளைகள் அடைந்துவிடும். சருகுக்கு அடியில் வேரும் மண்புழுவும் கரையானும் வழி போட்டு வைத்திருக்கும். ‘காடு மழைநீரைச் சேமிக்கிறது’ என்ற வரியைப் பிள்ளைகள் பலமுறை படித்தவர்கள்தான். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள்.

மூன்றாவதாக மரத்தின் தூரில் ஊற்றப் போனான். "தண்ணியை வீணாக்காதே" என்று ஒருவர் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டார். அங்கே ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வேரடி:
சருகு, பையனிடம் சொல்லுங்கள்: மழை பெய்யும்போது அங்கே போய் நின்று பார்க்கட்டும். கிளைகளில் விழும் மழையில் ஒரு பங்கு தண்டு வழியாக வழிந்து தூருக்கு வரும், வேரை ஒட்டியே மண்ணுக்குள் இறங்கும். இடி மின்னல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

தூறல், உங்கள் கைடின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்ததைச் சொல்லி நகர்ந்துவிட்டார். எங்களுக்கு வாய்த்தவர், "மரங்கள் மண்ணுக்கடியில் பேசிக்கொள்ளும், தாய் மரம் பிள்ளை மரத்துக்கு ஊட்டிவிடும்" என்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் தரையில் படுத்து மண்ணில் காதை வைத்தார்கள். ஒரு சிறுமி, "எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்று அழுதுவிட்டாள். அதுதான் எனக்குத் தீரவில்லை.

வேரோடு பூஞ்சை கூட்டுச் சேர்வது உண்மை. 1885லேயே ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதற்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பூஞ்சை பாஸ்பரஸ் போன்ற சத்துகளைக் கொடுக்கும், மரம் சர்க்கரை கொடுக்கும். 1997இல் சுசான் சிமார்டும் உடன் ஆய்வாளர்களும் பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கார்பன் போய்வருவதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதிலிருந்துதான் இந்தக் கதையெல்லாம் பெருகியது. தாய் மரம் தன் கன்றை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் போதிய ஆதாரம் இல்லை என்று 2023இல் மூன்று ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாதி நிரூபணமானதை முழு உண்மை என்று கொடுக்காதீர்கள். அமேசான் காடு உலகத்துக்கு 20 சதவீதம் ஆக்சிஜன் தருகிறது என்பதையும் ஒர்க்‌ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உண்டாக்கும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அங்கேயே மரங்களும் மட்கவைக்கும் உயிர்களும் செலவழித்துவிடுகின்றன.

இன்னும் சில. நிறைய தூரம் நடக்க வேண்டாம். ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நேரம் போவதே தெரியாது. புரட்டிய கட்டையை இருந்தபடியே திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை ஈரம் போனால் பிழைக்காது. மரவட்டையைத் தொட்டால் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்க விடாதீர்கள், அது விடும் திரவம் எரியும். அதே இடத்துக்கு வேறு பருவத்தில் மறுபடி போங்கள்.

கிளைநுனி:
வேரடி சார், நல்ல தகவல், ஆனா கயிறு, லென்ஸ் எல்லாம் இங்க யாரும் கேக்கலையே. ஒர்க்‌ஷீட்டை எல்லாரும் திட்டுறதும் எனக்கு ஒப்பலை. என் மகன் கூட்டத்துல வாயே திறக்க மாட்டான். ‘வளையங்களை எண்ணுக’ன்னு தாள்ல இருந்ததாலதான் வெட்டின அடிமரத்துக்கிட்ட தனியா உட்கார்ந்தான். பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசின்னு நடுவுலேர்ந்து குத்திக்கிட்டே வந்தான். ஒரு இடத்துல நாலஞ்சு வளையம் மயிரிழையா நெருங்கியிருந்துச்சு. அங்கயே விரலை வச்சுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "இந்த வருஷங்கள்ல இதுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டான்.

மழை இல்லாம இருந்திருக்கலாம், பூச்சி இலையைத் தின்னிருக்கலாம், பக்கத்து மரம் வெயிலை மறைச்சிருக்கலாம்னு சொன்னேன். "இதுல எது?"ங்கிறான். ஒட்டினாப்புல ஓரமா ஒரு கருப்பு வடு இருக்கு, அதைத் தாண்டினதும் வளையம் மறுபடி அகலமாகுது. வளையம் பார்க்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, போட்டோ அனுப்புறேன். அவன் தினமும் கேக்குறான்.