சிலிங்குக்கு மேல என்ன சத்தம்? வௌவால் பார்த்தவங்க வாங்க

சுங்கை சிப்புட்காரன்:
மூணு வாரமா, அந்தி சாயுற நேரத்துல சாமி ரூமுக்கு மேல பரபரன்னு கீறுற சத்தம். எலிதான்னு அம்மா தீர்ப்பே சொல்லிட்டாங்க. பழைய தோட்டத்து வீடு, தகரக் கூரை, பலகை சிலிங். கருவாட்டுத் துண்டு வெச்சு எலிப் பசைத் தட்டு போட்டோம். மாட்டினது பல்லி.

சனிக்கிழமை ஏணி போட்டு மூடியைத் தள்ளினேன். ரப்பர் பால் உறையாம இருக்க அமோனியா ஊத்துவாங்களே, அந்த நெடி முகத்துல அடிச்சது. டார்ச் அடிச்சா, உத்தரத்துக்குக் கீழ கறுப்பா, அரிசி அளவுல புழுக்கை குவிஞ்சு கிடக்கு. கையுறை போட்டு ஒண்ணை நசுக்கினேன். எலிப் புழுக்கை காய்ஞ்சா கெட்டியா நிக்கும். இது பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, உள்ள மினுமினுன்னு பூச்சி இறக்கைத் துண்டுங்க.

சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உக்காந்தேன். ஏழரைக்கு, கூரை ஓரப் பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருந்து ஒண்ணொண்ணா விழுந்து பறக்குது. 43 வரைக்கும் எண்ணினேன், தேத்தண்ணி வந்துடுச்சு. காலையில பார்த்தா சுண்டுவிரல்தான் நுழையும் அந்த இடுக்குல, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை மாதிரி. இன்னைக்கே சிமெண்டு வெச்சு அடைச்சிடலாமா?

தோட்டத்து மருமகள்:
ஐயோ அடைச்சிடாதீங்க அண்ணே! நாங்க அந்தத் தப்பைப் பண்ணினோம். தாய் வௌவால் எல்லாம் வெளிய போன நேரம் பார்த்து அடைச்சாச்சு. பறக்கத் தெரியாத குட்டிங்க உள்ள. ராத்திரி முழுக்க வெளிய தாயுங்க சுத்துது, அப்புறம் ஒரு வாரத்துல நாத்தம்... சிலிங் பலகையைப் பேர்த்துதான் எடுத்தோம். குட்டிங்க பறந்த பிறகு, இடுக்குக்கு மேல வலையை அடிச்சு கீழ்ப்பக்கம் தொங்க விடுங்க. கீழ வழியா நழுவி வெளிய போயிடும், திரும்பி ஏறத் தெரியாது. சில நாள் கழிச்சு அடைங்க.

கூட்டும்போது காய்ஞ்சபடி கூட்டாதீங்க. அந்தத் தூசியில காளான் வித்து இருக்கும், நுரையீரலுக்குப் போகும். தண்ணி தெளிச்சு, முகக்கவசம் போட்டு அள்ளுங்க. கீழ விழுந்து கிடக்கறதை வெறுங்கையில தொடவே கூடாது.

பெரியப்பா:
தம்பி, 1998ல ஈப்போ பக்கம் ஆரம்பிச்ச நிப்பா நோயை நினைச்சு பயப்படாதே. 105 பேர் போயிட்டாங்க, மறக்க முடியுமா! ஆனா அந்தக் கிருமி வந்தது பெரிய பழந்தின்னி வௌவால்கிட்ட இருந்து, பன்னிப் பண்ணை வழியா. மலாய்க்காரங்க அதைக் கெலுவாங்னுவாங்க. உன் வீட்டுல இருக்கறது பூச்சி தின்னற கெலாவார். அந்தக் காலத்துல இளைப்புக்கு நல்லதுன்னு கெலுவாங் கறி எனக்கும் ஊட்டினாங்க. இளைப்பு இன்னும் இருக்கு லா.

சுங்கை சிப்புட்காரன்:
வலை வாங்கியாச்சு, இன்னும் அடிக்கல. நேத்து 51. அம்மாவும் நாற்காலி போட்டுட்டாங்க, அவங்க கணக்குல 54.