மவுஸ் அம்பு தாறுமாறாக நகர்வதற்குத் தமிழில் என்ன?

கிருஷ்ணகிரியிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழிப் பயிற்சி. கையேடு நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். பைஆட்டோகியூஐ என்ற பைத்தான் தொகுப்பைக் கொண்டு மவுஸ் அம்பைத் தானாக நகர்த்தும் பாடம் ஒன்று அதில் உண்டு. அம்பு எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்காமல், இலக்கிலிருந்து நாலைந்து பிக்சல் தள்ளி, வேகமும் மாறி மாறிப் போகும். இதற்குச் ‘சமவாய்ப்பு நகர்வு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பாப்பாரப்பட்டியிலிருந்து:
தம்பி, சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்று தொல்காப்பிய உரியியலில் படித்திருப்பீர்களே! ‘அம்பலமரல்’ என்று வையுங்கள். அலை, அலைச்சல், அலமரல், அல்லாடு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. கன்னடத்திலும் ‘அல்லாடு’ என்றால் அசைவதுதான். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:
ஐயா, தொல்காப்பியரே சுழற்சி என்கிறார். அம்பு வட்டமடிக்கும் என்றல்லவா பையன் நினைப்பான்? அதிலும் ‘அம்பலமரல்’ என்றால் சிதம்பரத்தில் போய்த் தேடுவான். என் வகுப்பில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். ‘ரேண்டம்’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது, விடுங்கள்.

அரூரிலிருந்து:
கேட்டது சமவாய்ப்பைப் பற்றி. பள்ளிக் கணக்கில் ‘சமவாய்ப்பு மாறி’ உண்டுதான். பைத்தானில் முழு எண்ணை ரேண்டமாக எடுத்துத் தரும் ரேண்டின்ட் கொண்டு -5 முதல் 5 வரை எடுத்தால் பதினொரு எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, பெயர் பொருந்தும். இயல்நிலைப் பரவலில் எடுத்தால் நடுவில் இருப்பவைதான் அடிக்கடி விழும். அங்கே சமம் எங்கே வந்தது? இலங்கைப் பாடநூல்களில் ‘எழுமாறு’ என்கிறார்கள். அந்த வம்பே இல்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து:
எழுமாறு நல்ல சொல். ஆனால் தகடூரில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டிக் கடன் வாங்குவானேன்? அலமரலுக்கு மனக்கலக்கம் என்ற பொருளும் உண்டு.

ஓசூரிலிருந்து:
அது கையேடு எழுதுகிறவருக்கு.

கிருஷ்ணகிரியிலிருந்து:
நான் எடுப்பது இயல்நிலைப் பரவலில்தான். அதனால் ‘எழுமாற்று நகர்வு’ என்று தலைப்பு வைத்து, முதல் வரியிலேயே ‘ரேண்டம்’ என்றும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், அம்பைத் திரையின் மூலைக்குத் தள்ளினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் அல்லவா, அதற்கு ‘மூலை நிறுத்தம்’ என்று எழுதியாயிற்று. தயவுசெய்து அதை யாரும் தொடாதீர்கள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து:
மூலை நிறுத்தம் என்றால் டவுன் பஸ் நிற்கிற இடம் தம்பி. அலமரலையும் நான் விடுவதாக இல்லை.