கீழ்ச் சொண்டில் காய்ந்த தோல், 4 மாதமாகப் போகவில்லை. உதவி தேவை

செம்மண்_கோப்பாய் · ஜூன் 14, இரவு 9.40

வணக்கம். கீழ்ச் சொண்டில் ஒரு இடத்தில் மட்டும் தோல் காய்ந்து செதில் செதிலாக உரிகிறது. மாசியில் தொடங்கியது. வஸ்லின், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் பூசியாயிற்று. பாமசியில் ஒரு கிறீம் தந்தார்கள். 2 கிழமை பூச நல்லாக வந்தது, விட்டவுடன் திரும்பவும் அதே இடத்தில் வந்துவிட்டது. நோ இல்லை. என்ன பூசினால் போகும்? கெதியாகச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை_அக்கா · இரவு 9.52

என்ன கிறீம்? பெயர் சொன்னால்தானே விளங்கும். சொண்டின் நடுவிலா, கடைவாய்ப் பக்கமா? வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா? முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெற்றினோயின் குளிசை எடுத்தால் சொண்டு கட்டாயம் காயும். ஆனால் அது இரண்டு சொண்டும் முழுக்கக் காயும், ஒரு இடத்தில் மட்டும் நிற்காது.

நல்லூர்_வடக்குவீதி · இரவு 10.05

பற்பசையை மாற்றிப் பாருங்கள். எனக்கு ஒன்றரை வருடம் இதே கரைச்சல். கறுவா வாசம் சேர்த்த பற்பசை பாவித்தேன், அதுதான் காரணம் என்று கனவு கூடக் காணவில்லை. சிலருக்குக் கறுவாவும் புதினாவும் ஒவ்வாது. நுரைக்காகப் போடும் சோடியம் லோரில் சல்பேற்றும் சொண்டைக் காய வைக்கும். வாசமில்லாத, நுரை குறைந்த பற்பசைக்கு மாறினேன், 3 கிழமையில் சொண்டு பழையபடி ஆனது. அதுவரைக்கும் எத்தனை போத்தல் எண்ணெய் பூசியிருப்பேன்!

மாவிட்டபுரம்_தோப்பு · இரவு 10.11

இது மாம்பழக் காலம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லையா? பழத்தைக் கழுவாமல் தோலோடு கடித்தால் மாம்பால் சொண்டில் படும். மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பத்து மரங்கள். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன பாடுபடும் என்று ஊரில் தெரியும். மாவில் அது குறைவு, ஆனால் இருக்கிறது. பட்ட உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் கடிக்கத் தொடங்கும். அதனால்தான் யாரும் பழத்தைச் சந்தேகிப்பதில்லை. காம்புப் பக்கம் வெட்டி, பால் வடியவிட்டு, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

பழைய_மாணவன் · இரவு 10.30

9 வருடமாக இங்கே எழுதுகிறேன், இந்தக் கேள்வி எத்தனை தரம் வந்திருக்கும். கேட்க முதல் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. வயது இல்லை, தொழில் இல்லை, வெற்றிலை சுருட்டுப் பழக்கம் இல்லை, கிறீமின் பெயர் இல்லை. இதை வைத்து யாரும் என்ன சொல்வது?

என் கணிப்பு, நீங்கள் நாக்கால் சொண்டை நனைக்கிறீர்கள். இப்போது சோளகம் வீசுகிறது. எச்சில் பட்டதும் காற்று அதை உறிஞ்சிவிடும், இருந்த ஈரத்தையும் கொண்டு போய்விடும். எச்சிலில் சாப்பாட்டைச் செரிக்கும் பொருளும் இருக்கிறது, அது மெல்லிய தோலை அரிக்கும். நனைப்பதை நிறுத்துங்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். இதைத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

கைதடி_வளவு · இரவு 10.44

மாவிட்டபுரத்தாருக்கு ஒரு வார்த்தை. கறுத்தக்கொழும்பானைச் சாப்பிட்டுச் சொண்டு உரிந்த ஒரு ஆளை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. 40 வருடமாகப் பழத்தின் மூக்கில் சின்ன ஓட்டை போட்டு உறிஞ்சித்தான் சாப்பிடுகிறோம். வெட்டித் தட்டில் வைத்தால் அது மாம்பழமே இல்லை.

மாவிட்டபுரம்_தோப்பு · இரவு 10.51

பழத்தின் சதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணை. பால் இருப்பது தோலிலும் காம்படியிலும். கறுத்தக்கொழும்பானோ அம்பலவியோ விலாட்டோ, எல்லாவற்றிலும் இருக்கிறது. என் மகளுக்கு வாயைச் சுற்றிப் பொக்களம் போட்டதை என் கண்ணால் கண்டேன். உங்களுக்கு ஒத்துக்கொள்வது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கைதடி_வளவு · இரவு 10.58

பிள்ளைக்கு வந்தது உண்மை என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் விலாட்டையும் கறுத்தக்கொழும்பானையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பருத்தித்துறை_அக்கா · இரவு 11.02

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. மாசியில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார். மாசியில் எங்கே மாம்பழம்?

ஓய்வுபெற்ற_தாதி · ஜூன் 15, காலை 6.20

ஒரு இடத்தில் மட்டும், 4 மாதம், நோ இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் எண்ணெய் பற்றிக் கதைக்க மாட்டேன். பிள்ளை, இதற்குப் பதில் எழுதுங்கோ. வயது என்ன? வெயிலில் வேலையா? வெற்றிலை, சுருட்டு, பீடி ஏதும் உண்டா? விரலால் தடவினால் அந்த இடம் சொரசொரப்பாக இருக்கிறதா, அடியில் கட்டியாக ஏதும் தட்டுப்படுகிறதா?

செம்மண்_கோப்பாய் · காலை 7.05

மன்னிக்கவும், எழுத மறந்துவிட்டேன். எனக்கில்லை, அப்பாவுக்கு. 61 வயது. வெங்காயத் தோட்டம், காலை 6 மணிக்குப் போனால் வெயில் சாயத்தான் வீடு. தலையில் துவாய் கட்டுவார், தொப்பி போடமாட்டார். சுருட்டு உண்டு, எப்போதும் வலப்பக்கச் சொண்டில்தான் வைப்பார். அந்த இடமும் வலப்பக்கம்தான், ஒரு பயறு அளவு, வெள்ளை கலந்த நிறம். தொட்டால் சான்ட் பேப்பர் மாதிரி. கட்டி ஒன்றும் இல்லை. கிறீம் ட்யூபில் பெற்றாமெத்தசோன், குளோற்றிமசோல் என்று போட்டிருக்கிறது.

நல்லூர்_வடக்குவீதி · காலை 7.12

அப்பாவுக்கா? அப்படியென்றால் நான் எழுதிய பற்பசைக் கதையை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_தாதி · காலை 7.48

முதலில் அந்தக் கிறீமை நிறுத்துங்கோ. பெற்றாமெத்தசோன் ஸ்ரீரொயிட். சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், அதனால் மாறின மாதிரித் தெரியும். அடியில் நடக்கிறதை மறைத்துவிடும். டொக்டர் பார்க்கும்போது அந்த இடம் தன் உண்மை முகத்தோடு இருக்க வேண்டும்.

கீழ்ச் சொண்டு வானத்தைப் பார்த்து இருக்கிறது, மேல் சொண்டுக்கு மூக்கின் நிழலாவது உண்டு. சொண்டின் தோல் மிக மெல்லியது, வெயிலைத் தடுக்கும் நிறப்பொருளும் அதில் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஏப்ரலிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். 40 வருடம் தோட்டத்தில் நின்றவரின் கீழ்ச் சொண்டு அத்தனையையும் வாங்கியிருக்கும். மீன்பிடிக்கிறவர்களுக்கும் இப்படி வரும். சொண்டுக்கும் முகத் தோலுக்கும் நடுவில் தெளிவான கோடு ஒன்று இருக்குமே, அது மங்கிப்போகும். அப்பாவின் சொண்டில் அதைப் பாருங்கோ. இது வெயிலால் வரும் சொண்டு நோய். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் சிலருக்கு அதாக மாறும். சொண்டில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் கீழ்ச் சொண்டில்தான் வருகிறது. சுருட்டு இதற்கு மேலே கூடுதல் கேடு.

படுக்க வைக்கிற அவசரம் இல்லை, தள்ளிப் போடுகிற விஷயமும் இல்லை. இந்தக் கிழமையே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், தோல் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கோ. தேவை என்றால் விறைக்க ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பழைய_மாணவன் · காலை 8.15

ஒரு செதிலுக்குப் புற்றுநோய் வரை போக வேண்டுமா? பயப்படுத்தினால் சனம் ஆஸ்பத்திரிக்கே போகாது. அதோடு வாய்ப் புற்றுநோய் என்றால் எங்கள் பக்கத்தில் வெற்றிலையோடு போடும் புகையிலைதான் காரணம். இவர் வெற்றிலை போடுவதாக மகன் எழுதவில்லை.

பருத்தித்துறை_அக்கா · காலை 8.31

புகையிலையை மட்டும் சொல்லிப் பாக்கை விடாதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. என் அம்மம்மா புகையிலை இல்லாமல்தான் போடுவா, அதனால் ஒன்றும் செய்யாது என்றுதான் நாங்களும் நம்பினோம். ஆனால் இங்கே கேள்வி வெளிச்சொண்டில். அதற்கு வெயிலும் சுருட்டுமே போதும்.

குருநகர்_கரை · காலை 9.02

நான் வழக்கமாக எழுதுவதில்லை. என் மாமா கடல் தொழில். சொண்டில் இதே மாதிரி ஒரு செதில். கடல் உப்புக்கு வந்தது என்று 2 வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். தோலை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு வலையில் கையை வைப்பார். பிறகு ஒரு நாள் அது புண்ணாகி, ஆறாமல் நின்றது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சொண்டில் ஒரு பகுதியை வெட்ட வேண்டி வந்தது. ஆள் இன்று சுகமாக இருக்கிறார். ஆனால் தேத்தண்ணி குடித்தால் ஒரு பக்கத்தால் வடியும், துவாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் குடிப்பார். செதிலாக இருந்தபோதே காட்டியிருந்தால் இவ்வளவுக்குப் போயிருக்காது என்று அவரே எல்லோருக்கும் சொல்கிறார். தம்பி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

செம்மண்_கோப்பாய் · காலை 9.20

அப்பா வரமாட்டேன் என்கிறார். நோகவில்லை, எதற்கு ஆஸ்பத்திரி, வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்க யார் என்கிறார்.

குருநகர்_கரை · காலை 9.26

நான் எழுதியதை வாசித்துக் காட்டுங்கோ. தண்ணி இறைப்பை ஒரு நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் சொல்லலாம்.

கைதடி_வளவு · காலை 9.40

கோப்பாய் என்றால் எனக்குக் கிட்டத்தான். ஆள் இல்லை என்றால் தனிச்செய்தி போடுங்கள், நான் வந்து நிற்கிறேன்.

ஓய்வுபெற்ற_தாதி · காலை 10.10

கைதடித் தம்பிக்கு நன்றி. கிளினிக் நாள் வரும்வரை வஸ்லின் மட்டும் பூசுங்கோ, எலுமிச்சை, மஞ்சள், சுண்ணாம்பு என்று யார் சொன்னாலும் வேண்டாம். அகன்ற விளிம்புத் தொப்பி வாங்கிக் கொடுங்கோ, துவாய் சொண்டுக்கு நிழல் தராது. வெயிலைத் தடுக்கிற, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சொண்டுப் பூச்சு கிடைத்தால் வேலைக்குப் போக முதல் பூசி, சாப்பிட்ட பிறகு திரும்பப் பூசச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை_அக்கா · ஜூன் 24, மாலை 5.15

கோப்பாய்த் தம்பி, என்ன நடந்தது?

மாவிட்டபுரம்_தோப்பு · ஜூலை 2, இரவு 8.40

நானும் தினமும் வந்து பார்க்கிறேன்.

செம்மண்_கோப்பாய் · ஜூலை 19, இரவு 10.02

மன்னிக்கவும், அறுவடை. காட்டினோம், துண்டு எடுத்தார்கள், முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லையாம். வெயிலால் வந்த மாற்றம், விட்டிருக்கக் கூடாது என்றார் டொக்டர். அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து எடுத்தார்கள், 6 மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார். தொப்பி போடுகிறார். சுருட்டு நாளுக்கு 5 இருந்தது, இப்போது 1. குருநகர் அண்ணையின் மாமாவுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

ஓய்வுபெற்ற_தாதி · ஜூலை 20, காலை 6.05

அந்த ஒன்றையும் விடச் சொல்லுங்கோ, பிள்ளை.