கடைமடை சம்பாவுக்கு உயிர் ஊக்கி: மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

கேள்வி (தலைஞாயிறு பக்கம்)
நேரடி விதைப்பு நெல், ரகம் சி.ஆர். 1009 சப் 1, வயது 40 நாள். வாய்க்காலில் முறை வைத்து விடுவதால் பத்து நாளாகத் தண்ணீர் எட்டவில்லை. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தூர் கட்டவில்லை, அடி இலை நுனியெல்லாம் கருகுது. கடையில் பயிர் ஊக்கி என்று கடல்பாசிச் சாறு, ஹியூமிக் (மட்கு அமிலம்), பிபிஎஃப்எம் (பாக்டீரியா கரைசல்) மூன்றும் கொடுத்திருக்காங்க. ஒண்ணா அடிக்கலாமா?

பதில் 1
கலக்காதீங்க. முதலில் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்க. முதிர்ந்த இலையின் நுனி வெளுத்து, கருகல் அங்கிருந்து கீழே இறங்கினால் உப்பு. இலையின் நடுப்பகுதியில் துருப் புள்ளி, இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுப்பு என்றால் துத்தநாகக் குறை. அதை எந்த ஊக்கியும் சரி செய்யாது. ஏக்கருக்கு 1 கிலோ சிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிங்க.

உப்புதான் என்றால், அடுத்த முறைத் தண்ணீர் வந்ததும் வயலில் நிறுத்தி வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் கட்டுங்க. மண்ணின் இசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், dS/m கணக்கில்) 3 தாண்டினாலே நெல்லில் மகசூல் சரியத் தொடங்கும். ஜிப்சம் களர் (சோடியம் மிகுந்த) நிலத்துக்குத்தான். உவர் (உப்பு மிகுந்த) நிலத்துக்கு அதைக் கொட்டுவது வீண் செலவு, மண் பரிசோதனை பார்க்காமல் வாங்காதீங்க.

பதில் 2
உங்க நிலைமைக்கு நான் முதலில் எடுப்பது பிபிஎஃப்எம். இலைத்துளை வழியா வரும் மெத்தனாலைத் தின்று இலை மேலேயே வாழும் பாக்டீரியா அது. சைட்டோகைனின் சுரக்கும், வறட்சியில் பயிரை முதிர வைக்கும் எத்திலீனையும் குறைக்கும்.

ஏக்கருக்கு 200 மி.லி., 200 லிட்டர் தண்ணீர். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 10 மி.லி., மொத்தம் 20 டேங்க். அடியில் இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கும், பாட்டிலை நல்லா குலுக்கி ஊற்றுங்க. உப்புப் போர் தண்ணீரில் அடிக்காதீங்க, இலையே கருகும்.

பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலர் செய்யும் தப்பு இரண்டு. தாமிரப் பூஞ்சணக்கொல்லியோ ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற பாக்டீரியாக் கொல்லியோ அடித்த டேங்கைக் கழுவாமல் ஊற்றினால் பாக்டீரியா அங்கேயே செத்துப்போகும். இன்னொன்று, உச்சி வெயிலில் இலை சுருண்டு நிற்கும்போது அடிப்பது. இலைத்துளை மூடியிருக்கும், சொட்டும் காய்ந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் அடிங்க. பொதி கட்டும்போது (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் பருக்கும்போது) இன்னொரு முறை.

பதில் 3
ஹியூமிக் காரத்தன்மை உள்ளது. அதோடு சிங்க் சல்பேட்டைச் சேர்த்தால் கறுப்பாகத் திரிந்து நாசில் அடைக்கும். சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரிலும் இப்படித்தான். ஹியூமிக்கைத் தனியாக, ஈரம் இருக்கும்போது வேர்ப்பக்கம் கொடுங்க. கடல்பாசிச் சாற்றை பிபிஎஃப்எம் அடித்து ஒரு வாரம் கழித்து, லேபிளில் உள்ள அளவில். கூடப் போட்டால் கூடப் பலன் என்ற கணக்கு இதில் எடுபடாது.

2021-லிருந்து உயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. லேபிளில் என்ன வகை, எவ்வளவு அளவு என்று இல்லாத பாட்டிலைத் திருப்பிக் கொடுங்க. பில் கட்டாயம்.

ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்க. மூன்று வாரம் கழித்து இரண்டு பக்கமும் பத்து பத்துக் குத்தில் தூர் எண்ணினால் காசு வேலை செய்ததா என்று தெரியும்.

கேட்டவர்
நன்றிங்க. நுனிதான் வெளுத்திருக்கு, துருப் புள்ளி இல்லை. ஐப்பசி மழையில் வயல் முழுகினால் இதையே அடிக்கலாமா?

பதில் 1
முழுகியிருக்கும்போது எதுவும் வேண்டாம். முதல் வேலை வடிகால். சப் 1 ரகம் இரண்டு வாரம் வரை தாங்கும். வடிந்ததும் இலையில் படிந்த சேறு கழுவ வெறும் தண்ணீர் அடிங்க. புதுக் குருத்து வெளுப்பாக எட்டிப் பார்த்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து விசிறுங்க. இங்கே ஜிப்சம் கந்தகச் சத்துக்காக, உப்புக்காக இல்லை. ஊக்கி அதற்கு ஒரு வாரம் கழித்து.